யாரும் வாங்காத கறி

கிறிஸ்துமஸ் காலையில், அரபு நாட்டு மலையூரான ஃபுஹைஸில் ஆண்கள் யாரும் வீட்டில் தங்குவதில்லை. பூசை முடிந்து ஒரு வாய் காப்பி குடித்ததும், கட்டிக்கொடுத்த பெண்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். மகள், அக்கா, தங்கை, தம்பியின் விதவை என்று எத்தனை பேர் உண்டோ அத்தனை பேர் வாசலையும் மிதித்தாக வேண்டும். கையில் ஏதாவது இருக்க வேண்டும். இப்போதெல்லாம் பலர் உறையில் பணத்தைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மித்ரி பழைய வழக்கத்தை விடவில்லை. முந்தின நாள் ஆடு அடித்து வீட்டுக்கு ஒரு பை கறி கொண்டுபோவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் செய்தார். கறி யாருக்கும் பெரிதில்லை; எல்லார் வீட்டிலும் குளிர்பெட்டி நிறையக் கிடக்கிறது. பிறந்த வீட்டு ஆண் வந்தான் என்பதுதான் பெரிது. பண்டிகையன்று அப்பனோ அண்ணன் தம்பியோ வராத பெண்ணை அவள் புகுந்த வீட்டில் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் இருப்பார்கள். அதைத் தாங்குவதுதான் கஷ்டம்.

மித்ரிக்கு அறுபத்தொன்பது வயது. சிமெண்ட் ஆலையில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அபூ சுஹைல் என்றால்தான் தெரியும், அதாவது சுஹைலின் அப்பா. நிலத் தகராறு, நின்றுபோன கல்யாணம், வண்டியோடு வண்டி இடித்துக்கொண்ட சண்டை, எதுவானாலும் சமாதானம் பேசப் போகும் பெரியவர்கள் கூட்டத்தில் அவர் இருப்பார். இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவதில் கெட்டிக்காரர் என்று பெயர்.

அன்று காலை மலையெங்கும் பனிமூட்டம். மகன் சுஹைல் காரைக் கிளப்பிச் சூடாக்கிக்கொண்டிருந்தான். மித்ரி பின்பெட்டியைத் திறந்து பார்த்தார். ஐந்து பைகள். அக்கா அஃபாஃபுக்கு ஒன்று, தங்கை நஜாவுக்கு ஒன்று, செத்துப்போன தம்பியின் மனைவி ஜார்ஜெட்டுக்கு ஒன்று, மூத்த மகள் லமீஸுக்கு ஒன்று. ஐந்தாவது யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. நாலு வருஷமாக அவர் மனைவி விதாத் ஐந்து பைதான் கட்டுகிறாள். நாலு வருஷமாக ஒன்று திரும்பி வருகிறது. மறுநாள் அதையே சமைப்பாள், இருவரும் சாப்பிடுவார்கள். அதைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்ததில்லை.

அந்தப் பை இளைய மகள் நுஹாவுக்கு. இராக்கில் கரகோஷ் என்ற ஊர் தீவிரவாதிகளிடம் பறிபோன வருஷம், அங்கிருந்து தப்பி வந்த குடும்பங்களை ஃபுஹைஸ் கோவில் கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டுக் குடும்பத்துக்கு ஒரு தடுப்பு. பள்ளி ஆசிரியையான நுஹா மாலை நேரங்களில் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போனாள். அங்கே பெஹ்னாம் என்பவன் தன் அம்மாவோடு ஒரு தடுப்புக்குள் இருந்தான். சுவர்ப் பூச்சு வேலை தெரிந்தவன். இரண்டு வருஷம் கழித்து நுஹா அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள்.

அவன் கெட்டவன் என்று மித்ரி ஒருநாளும் சொன்னதில்லை. "அவனுக்கு இங்க மண்ணும் இல்ல, காகிதமும் இல்ல. எந்த நாடு கூப்பிட்டாலும் எழுந்து போயிடுவான். கூட நீயும் போயிடுவ" என்றுதான் சொன்னார். நுஹா, ஆமாம், போவேன் என்றாள். மித்ரி கல்யாணத்துக்குப் போகவில்லை. விதாத்தும் சுஹைலும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். அதன்பிறகு நுஹாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் ரீத்தா. கோவிலில் தூரத்திலிருந்து இரண்டு தடவை அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

நவம்பரில் அவர்களுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து காகிதம் வந்துவிட்டது. ஜனவரி பதினேழாம் தேதி பயணம். செய்தியைக் கேட்டதும் மித்ரி, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்த் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்தார். வெட்டவேண்டியதைவிட அதிகமாகவே வெட்டிவிட்டார்.

எப்போதும் முதலில் போவது அக்கா வீட்டுக்கு. அஃபாஃபுக்கு எழுபத்தாறு வயது. மண்ணெண்ணெய் அடுப்பின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, முழங்காலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள்.

"கிறிஸ்து பிறந்தார்" என்றார் மித்ரி வாசலிலேயே.

"மகிமைப்படுத்துங்கள்" என்று அக்கா பதில் சொன்னாள். குனிந்து முத்தம் கொடுத்தார், வாங்கிக்கொண்டாள். அவர் பையை மேசைமேல் வைக்கப் போனார்.

"அத அங்க வைக்காத."

"எங்க வைக்கறது? குளிர்பெட்டிலயா?"

"வண்டியில வை."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று மித்ரி நினைத்தார். "இந்தத் தடவ நல்ல இளங்கெடா அக்கா. பஞ்சு மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும். எத்தன வீட்டுக்குக் கொண்டு போற?"

"நாலு."

"வண்டியில எத்தன பை இருக்கு?"

மித்ரி சுஹைலைப் பார்த்தார். சுஹைல் அடுப்பைப் பார்த்தான்.

"நாலு வருஷமா வாங்கிட்டேன் தம்பி" என்றாள் அஃபாஃப். குரலை உயர்த்தவில்லை. "வாங்கும்போதெல்லாம் அந்தப் பொண்ணு பங்கையும் சேத்து நான் தின்ன மாதிரி இருந்துச்சு. இந்த வருஷம் எனக்குச் செரிக்காது. அடுத்த வருஷம் அவ இங்க இருக்கமாட்டா."

"பண்டிகை நாளும் அதுவுமா இதப் பேசணுமா?"

"மத்த நாள்ல நீ இந்தப் பக்கம் எங்க வர்ற? என்னைப் பக்கத்து ஊர் ஸல்ட்டுல கட்டிக்குடுத்தப்ப என் மாமனாருக்கும் நம்ம அப்பாவுக்கும் கிணத்துத் தகராறு, ஞாபகம் இருக்கா. ரெண்டு வருஷம் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்கல. ஆனா பண்டிகைக்கு அப்பா வந்தாரு. மாமனார்கிட்ட ஒரு வார்த்தை பேசல. எங்கிட்ட பையக் குடுத்தாரு, திரும்பிப் போயிட்டாரு. அது போதும். அன்னிக்கு முழுக்க நான் அந்த வீட்டுல தலை நிமிந்து நடந்தேன்."

"அது வேற, இது வேற."

"வேறதான். அவருக்கு எங்க மாமனார்மேல கோபம். உனக்கு உன் மகமேலயே கோபம். போ தம்பி. அவளுக்குக் குடுத்துட்டு வா. எத்தன மணியானாலும் வாங்கிக்கறேன்."

பெண் ஒருத்தி அண்ணன் தம்பி கொண்டுவந்த பண்டிகைச் சீரை வேண்டாம் என்று சொன்னதாக ஃபுஹைஸில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மித்ரி பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். எதிர்வீட்டு அபூ ஃபரீத் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவன், வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பையைப் பார்த்தான்.

"அக்கா ஊர்ல இல்லையா?"

"இருக்கா."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தாலே தேவலை என்று மித்ரிக்குப் பட்டது.

நஜாவின் வீடு அடுத்த மேட்டில் இருந்தது. கார் நிற்கும் சத்தம் கேட்டதும் அவள் மாடி முகப்பில் வந்து நின்றாள்.

"அண்ணே, அக்கா வாங்கிச்சா?"

"இல்ல."

"அப்ப நானும் வாங்கல. மேல வாங்க, காப்பி சூடா இருக்கு. பைய மட்டும் ஏத்தாதீங்க."

"உனக்குன்னு சொந்தமா ஒரு புத்தி கிடையாதா?"

"அறுபது வருஷமா அத அக்காதான வச்சிருக்கு" என்றாள் நஜா.

மித்ரி மேலே போகவில்லை. ஜார்ஜெட் வீட்டில் உள்ளே போய் உட்கார்ந்தார், காப்பியும் குடித்தார். ஜார்ஜெட் பயந்த சுபாவம். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. பையைப் பார்த்ததும் தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பல்லெல்லாம் ஆடிப்போச்சு அபூ சுஹைல். கறி மெல்ல முடியறதில்ல. வீணாப்போகும்" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு விருந்தில் இதே ஜார்ஜெட் எலும்பைக் கடித்து மஜ்ஜையை உறிஞ்சினாள். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

காரில் கொஞ்ச தூரம் போனதும், "இவளுக எல்லாம் கூடிப் பேசி வச்சிருக்காளுக. உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும்பா" என்றான் சுஹைல்.

லமீஸிடம் போனால் சரியாகிவிடும் என்று மித்ரி நினைத்தார். லமீஸ் சின்ன வயதிலிருந்தே அவர் பக்கம். தவிரவும் அவள் மாமனார் மாமியாரோடு கூட்டுக் குடித்தனம். அவர்கள் முன்னால் அப்பனைத் திருப்பி அனுப்பினால் கேவலம் அவளுக்குத்தான். அப்படி ஒரு காரியத்தை அவள் செய்யமாட்டாள்.

கூடத்தில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் அவள் பிள்ளைகள் இருவரும் வண்ணக் காகிதத்தைக் கிழித்து மலைபோலக் குவித்திருந்தார்கள். முந்தின நாள் சாரணர் படையில் பாப்பா நோயல் எனும் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் மணியடித்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போன பொம்மைக் கார்கள் தரையெல்லாம் ஓடின. மாமனார் எழுந்து நின்று வரவேற்றார். மாமியார் தட்டு நிறையச் சாக்லேட்டை நீட்டினாள். எல்லாரும் பையைப் பார்த்தார்கள்; வழக்கமாகப் பார்ப்பதுதான். லமீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"யப்பா, கொஞ்சம் அடுப்படிக்கு வாங்க."

உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள். "நான் இத வாங்கலைன்னா இந்த வீட்டுல எனக்கு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். வாங்கிக்க."

"மாட்டேன்."

அடுப்பில் கறிக்கான தயிர்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. லமீஸ் அதைக் கிளறிக்கொண்டே பேசினாள். "ஒவ்வொரு பண்டிகைக்கும் சாயங்காலம் நுஹா எனக்கு போன் பண்ணுவா. அப்பா வந்தாரான்னு கேப்பா. வந்தாருன்னு சொல்லுவேன். எப்படி இருந்தாரு, மெலிஞ்சிருக்காரா, என்ன சட்டை போட்டிருந்தாருன்னு கேப்பா. நான் ஒண்ணொண்ணாச் சொல்லுவேன். போன வருஷம் பேசி முடிச்சதுக்கு அப்புறம், நான் ஏன் இதச் சொல்லிட்டு இருக்கேன்னு எனக்கே வெக்கமா இருந்துச்சு. அவ வீடு இங்கேருந்து பத்து நிமிஷம்பா. அடுத்த மாசம் விமானத்துல ஒரு நாள் ஆகும்."

"நான் கட்டிக்க வேண்டாம்னு சொன்னது இதுக்குத்தான்."

"சரி, நீங்க சொன்னதுதான் நடந்துச்சு. நீங்கதான் ஜெயிச்சீங்க. இப்ப என்ன செய்யலாம்?"

மித்ரி பையை அடுப்பு மேடைமேல் வைத்தார். லமீஸ் அதை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து, கூடத்தின் நடுவில் வந்து நின்று, எல்லாரும் பார்க்கப் பையை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். "அடுத்த தடவ வாங்கிக்கறேன்பா" என்றாள் சத்தமாக. மாமியார் சாக்லேட் தட்டை மேசைமேல் வைத்தாள். மாமனார் சன்னல் பக்கம் திரும்பிப் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை என்றார். லமீஸின் கழுத்து சிவந்திருந்தது. மித்ரி அதைப் பார்த்துவிட்டார்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் சுஹைல் சாவியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். "எங்கப்பா?"

மித்ரி கதவை இழுத்துச் சாத்தினார். கார் இறக்கத்தில் இறங்கியது. ரொட்டிக்கடை முக்கில் அவர்கள் எப்போதும் இடப்பக்கம் திரும்பி வீட்டுக்குப் போவார்கள். நாலு வருஷமாக அதுதான் வழி. நேராகப் போனால் கீழத்தெரு. முக்கு வந்ததும் சுஹைல் வேகத்தைக் குறைத்தான்.

"திருப்பவா?"

"பின்னாடி வண்டி வருது. நடுவுல நிக்காத, போ" என்றார் மித்ரி.

பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. சுஹைல் நேராக ஓட்டினான்.

நுஹா குடியிருந்தது ஒரு புதுக்கட்டடத்தின் இரண்டாம் மாடி. சுஹைல் காரிலேயே உட்கார்ந்திருந்தான். "நீயும் வா" என்றார் மித்ரி. "நான் போன வாரம்தான வந்தேன்" என்றான் சுஹைல். அப்படி ஒரு விஷயம் நடக்கிறது என்பதே மித்ரிக்கு அப்போதுதான் தெரியும். ஒரு பையை எடுத்துக்கொண்டு தனியாகப் படியேறினார். வெளிச்சுவர் வெறும் கல்லாக இருந்தாலும் உள்ளே மாடிப்படிச் சுவர் நன்றாகப் பூசப்பட்டிருந்தது. மூலை மட்டம் தப்பவில்லை. கட்டைவிரலால் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு ஏறினார்.

கதவைத் திறந்தது குழந்தை. அண்ணாந்து பார்த்தது.

"நீங்க பாப்பா நோயலா? அவரு நேத்தே வந்துட்டுப் போயிட்டாரே."

"இல்ல."

"அப்ப பைல என்ன?"

"கறி."

ரீத்தா உள்ளே திரும்பி, "அம்மா, ஒருத்தர் கறி கொண்டாந்திருக்காரு" என்று கத்தியது.

"நாம கறிக்குச் சொல்லவே இல்லையே" என்றபடி நுஹா வந்தாள். வந்தவள் நின்றாள். கையில் பாதி மடித்த குழந்தைச் சட்டை ஒன்று இருந்தது. அதை முழுக்க மடித்துமுடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "உள்ள வாங்க" என்றாள்.

கூடத்தில் பெட்டிகள் திறந்து கிடந்தன. பெஹ்னாமின் அம்மா ஷ்மூனி எழுந்து நின்று, தன் மொழியில் என்னவோ ஆசீர்வாதம் சொன்னாள். அந்த வீட்டில் சிரியாக் பேசுவார்கள். ஷ்மூனியின் அரபியிலும் பாதிதான் மித்ரிக்குப் பிடிபடும். பெஹ்னாம் உள்ளறையிலிருந்து வந்தான். பண்டிகைக்குக் கோட்டுச் சட்டை போட்டிருந்தான். நேராக வந்து குனிந்து, மித்ரியின் கையை எடுத்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டான். மித்ரிக்குக் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"எங்க ஊர்ல பெரியவங்க எங்கயும் போகமாட்டாங்க மாமா" என்றான். "பூசை முடிஞ்சதும் பிள்ளைங்கதான் அப்பா அம்மா வீட்டுக்கும் மாமனார் வீட்டுக்கும் போய்க் கையில முத்தம் குடுப்போம். அவங்க குடுக்கறத வாங்கிக்குவோம். ஒவ்வொரு வருஷமும் நான் கோட்டைப் போட்டுக்கிட்டு, வா போலாம்னு இவளக் கூப்பிடுவேன். இங்க அப்பாதான் மகளைத் தேடி வரணும், நாமளா போனா கையேந்தினதா ஆயிடும்னு சொல்லுவா. அப்புறம் கோட்டைக் கழட்டிருவேன்."

"போதும், உக்காரவிடு அவர" என்றாள் நுஹா.

ஷ்மூனி சின்னக் கிண்ணத்தில் காப்பி கொண்டுவந்தாள். மித்ரி அதை வாங்கி, குடிக்காமல் எதிரே இருந்த முக்காலியில் வைத்தார். வேண்டுமென்று வைக்கவில்லை. முப்பது வருஷமாக அடுத்தவர்கள் விவகாரத்துக்காக எத்தனையோ வீடுகளில் அப்படி வைத்துப் பழகிய கை. நுஹா அதைப் பார்த்தாள். கதவுநிலையில் சாய்ந்து நின்றாள்.

கொஞ்சநேரம் கழித்து ஷ்மூனி வந்து கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்று எடுத்துப்போய்ச் சூடாக வேறு கொண்டுவந்தாள். அதையும் அவர் முக்காலியில் வைத்தார். ஷ்மூனி மகனிடம் தன் மொழியில் தணிவாகப் பேசினாள். ஏலக்காய் அதிகமாகிவிட்டதோ என்கிறாள் என்று அவள் கையாட்டலிலிருந்தே தெரிந்தது. மூன்றாவதாகச் சர்க்கரை போட்ட தேநீர் வந்தது. ஒரு தட்டில் பேரீச்சம்பழம் வைத்துச் சுற்றிய பலகாரமும் வந்தது. முக்காலியில் இடமில்லாமல் போயிற்று.

"அத்தே, காப்பில ஒரு குறையும் இல்ல" என்றாள் நுஹா. "இவரு எதையோ கேக்க வந்திருக்காரு. கேட்டது கிடைக்கற வரைக்கும் குடிக்கமாட்டாரு. இந்த ஊர் வழக்கம் இது."

"குடுத்துட வேண்டியதுதான. என்ன கேக்கறாரு?"

"இன்னும் கேக்கல."

எல்லாரும் மித்ரியைப் பார்த்தார்கள். குழந்தை பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு பார்த்தது. இப்படிப்பட்ட சபையில் என்ன சொல்லித் தொடங்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். முன்னோர் பெயரைச் சொல்லி, இரு குடும்பத்தின் கௌரவத்தைச் சொல்லி, படிப்படியாக விஷயத்துக்கு வரவேண்டும். அன்று ஒன்றும் வரவில்லை. காலடியில் இருந்த பையைத் தூக்கி நீட்டினார்.

"இத வாங்கிக்க."

நுஹா கையை நீட்டவில்லை. "நீங்களா வந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல" என்றார். "உங்க அஃபாஃப் அத்தை வாங்கமாட்டேன்னுட்டா. உனக்குக் குடுத்துட்டு வந்தாத்தான் வாங்குவாளாம். நஜா மாடியிலேருந்தே வேண்டாம்னுட்டா. ஜார்ஜெட்டுக்குப் பல்லு ஆடுதாம். லமீஸ் அவ மாமனார் மாமியார் முன்னாடியே பையத் திருப்பிக் குடுத்தா."

நுஹாவுக்கு இது எதுவும் தெரியாது. யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் திறந்த பெட்டியின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள்.

"லமீஸா? அவ மாமியார் முன்னாடியா?"

"ஆமா."

"அந்தப் பொம்பள இத ஆறு மாசம் சொல்லிக் காட்டுவாளே."

"காட்டுவா."

ரீத்தா பெட்டிக்குள் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. ஷ்மூனி எல்லாவற்றையும் பெஹ்னாமிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தெரிந்ததும், முகம் தெரியாத அந்த நாலு பெண்களுக்காகச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"நான் வாங்கலைன்னா அவங்களும் வாங்கமாட்டாங்க, அப்படித்தான?" என்றாள் நுஹா.

"அப்படித்தான் சொன்னாளுக."

"அப்ப குடுங்க. லமீஸுக்காக வாங்கிக்கறேன்." எழுந்து வந்து பையை வாங்கினாள். எதற்கப்பா சிரமம் என்று பெண்கள் வழக்கமாகச் சொல்வதை அவள் சொல்லவில்லை. மித்ரி கவனித்தார். எதிர்பார்க்கவும் இல்லை.

"இப்பவாவது குடிப்பாரா?" என்று ஷ்மூனி கேட்டாள். மித்ரி இரண்டாவது காப்பியை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். முழுக்க ஆறிப்போயிருந்தது.

அவர் கிளம்ப எழுந்தபோது நுஹா வாசல்வரை வந்தாள். "நீங்க கேட்டது கிடைச்சிருச்சு. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன்."

"கேளு."

"நாளைக்கு வாங்க. யாரும் சொல்லி வரக்கூடாது. கையில ஒண்ணும் கொண்டுவரக் கூடாது."

"வெறுங்கையோடயா?"

"வெறுங்கையோட."

படியில் அவர் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஷ்மூனி பின்னாலேயே வந்து, மூடிய பாத்திரம் ஒன்றைக் கையில் திணித்தாள். ஆட்டுக் குடலில் அரிசியும் கறியும் அடைத்து வேகவைத்த பாச்சா. அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸ் காலை உணவு அதுதான். மித்ரி பிறந்ததிலிருந்து குடலைத் தொட்டதில்லை. காரில் ஏறி அதை மடியில் வைத்துக்கொண்டார். சுஹைல் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "நல்லா இருக்கும்பா, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சாப்பிடணும்" என்றான். இதையும் இவன் முன்பே சாப்பிட்டிருக்கிறான் என்று மித்ரி தெரிந்துகொண்டார்.

மத்தியானத்துக்குள் மறுபடியும் நாலு வீட்டுக்கும் போனார்கள். முதலில் லமீஸ் வீட்டுக்குப் போகச் சொன்னார். அவள் மாமியார் கண்ணெதிரே, வேண்டுமென்றே நிதானமாகப் பையைக் கொடுத்தார். பிறகு மற்றவர்கள். ஜார்ஜெட் பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். அஃபாஃப் எதையும் விசாரிக்கவில்லை. "எதுக்குத் தம்பி சிரமம்" என்றாள், எல்லா வருஷமும் சொல்வதுபோல.

மறுநாள் காலை விதாத் ஒரு இனிப்புப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை மேசையில் திரும்ப வைத்தார். "ஒண்ணும் கொண்டு வரக்கூடாதுன்னுட்டா" என்றார். விதாத் அவருடைய கழுத்துத் துண்டைச் சரிசெய்துவிட்டாள்.

நடந்தே போனார். பண்டிகைக் காலத்தில் ஒரு பெண் வீட்டுக்கு வெறுங்கையோடு அவர் போனதே இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கோட்டுப் பையில் விட்டார், எடுத்தார், பின்னால் கட்டிக்கொண்டார். ரொட்டிக்கடையைத் தாண்டும்போது உள்ளே நுழைந்து எதையாவது வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட நின்றார். பிறகு நடந்தார்.

நுஹா கதவைத் திறந்து முதலில் அவர் கைகளைத்தான் பார்த்தாள். பிறகு வழிவிட்டாள்.

அன்று ஒன்றரை மணி நேரம் இருந்தார். பெரிதாக எதுவும் பேசவில்லை. பெஹ்னாம் பெட்டிகளை எடைபோட்டுக்கொண்டிருந்தான். எடுத்துப்போக முடியாத பாத்திரங்களை யார் யாருக்குக் கொடுப்பது என்று நுஹா கேட்டாள், அவர் யோசனை சொன்னார். அங்கே ஜனவரியில் வெயில் கொளுத்துமாமே என்று அவர் கேட்டார். ஆமாம், கிறிஸ்துமஸே அங்கே கோடையில்தான் வருமாம் என்றாள்.

"அங்க பண்டிகைக்கு உன்னப் பாக்க யாரு வருவா?"

"யாரும் வரமாட்டாங்க. அங்க அப்படி வழக்கமில்லையாம். காலைல பிள்ளைங்க மரத்தடியில பொட்டலத்தப் பிரிக்கும். பெரியவங்களும் ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்குவாங்களாம். பிள்ளைங்களே அப்பா அம்மாவுக்குக் காசு சேத்து வாங்கிக் குடுக்குமாம். மத்தியானம் எல்லாரும் கடற்கரைக்குப் போயிடுவாங்களாம்."

"கடற்கரைக்கா?" என்றார் மித்ரி.

அதற்கு மறுநாளும் போனார். அதன்பிறகு தினமும் போனார். ரீத்தாவுக்கு அவர் யார் என்று மூன்றாம் நாள்தான் சொன்னார்கள். அது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கறிக்காரர் என்றே இன்னும் கொஞ்சநாள் கூப்பிட்டது. நாலு வருஷத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நுஹாவும் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டே, "நீங்க கல்யாணத்துக்கு வந்திருக்கலாம்பா" என்றாள். "வந்திருக்கலாம்" என்றார் அவர். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

ஜனவரி பதினேழாம் தேதி இரண்டு கார்களில் விமான நிலையத்துக்குப் போனார்கள். விதாத் அழுதாள், லமீஸ் அழுதாள். அஃபாஃப் முழங்கால் வலியோடு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். பெஹ்னாம் மறுபடியும் மித்ரியின் கையை முத்தமிட்டான். இந்தத் தடவை மித்ரி அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். நுஹா அவரைக் கட்டிக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே நின்றாள். விடும்போது, "மருந்த ஒழுங்காச் சாப்பிடுங்க" என்றாள்.

வரிசையில் நகரும்போது ரீத்தா திரும்பி, "நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டது.

"நாளைக்கு முடியாது" என்றார் மித்ரி.

குழந்தை தலையை ஆட்டிவிட்டு ஷ்மூனியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது. கண்ணாடிக் கதவு மூடும்வரை அவர் நின்றார். திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கார் துடைப்பான் சரியாக வேலை செய்யவில்லை என்று சுஹைல் சொன்னான். மாற்ற வேண்டும், நாளைக்கே மாற்றிவிடு என்றார் மித்ரி.